கட்டியும் குட்டியும்

கர்ப்பப்பையில கட்டி இருக்குன்னு யார்கிட்ட சொன்னாலும் முதல் கேள்வி ஒண்ணுதான். "எத்தனை சென்டிமீட்டர்?" ஏதோ மனை வாங்கப் போற மாதிரி. என்னோடது 5.4. இது 2023 செப்டம்பர்ல, எட்டாவது வாரம், சென்னையில எடுத்த முதல் ஸ்கேன். அதே ரிப்போர்ட்ல குழந்தையோட நீளம் 1.6 செ.மீ. கட்டி, குழந்தையைவிட மூணு மடங்குக்கு மேல! பொட்டி தட்டிப் பொழைக்கிற ஆளுக்கு ரெண்டு நம்பர் கிடைச்சா ஒப்பிடாம இருக்க முடியாது. ரங்கமணியும் அதே பொழப்புதான். அன்னிக்கு ராத்திரி பூரா ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு. உள்ள இடம் எவ்வளவு இருக்கு, இது வளந்தா அது எங்க போகும், அது வளந்தா இது எங்க போகும்னு.

தூத்துக்குடிக்கு போன் போட்டு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவேயில்ல. காரணம் இருக்கு. எங்க சித்திக்கு முப்பத்தெட்டு வயசுல இதே கட்டி வந்து கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க. எங்க தெருவுல எண்ணிப் பார்த்தா அப்படி எடுத்தவங்க இன்னும் நாலஞ்சு பேர் தேறுவாங்க. கட்டின்னா எடுக்கணும், எடுக்கணும்னா பையோட எடுக்கணும். இதுதான் எங்க பக்கத்துப் பொம்பளைங்களுக்குத் தெரிஞ்ச கதை. அந்தப் பைக்குள்ள ஒரு குழந்தையும் இருந்தா என்ன செய்வாங்கன்னு அம்மாவுக்குக் கேக்கவே பயம். ஆச்சிதான் போனைப் பிடுங்கி, "ஏட்டி, அப்ப உள்ள ரெண்டு பேரு இருக்காங்கன்னு சொல்லு. மூத்ததுக்கு என்ன பேரு வைக்கப் போற?"ன்னா. :)

சரி, விஷயத்துக்கு வருவோம். கர்ப்பப்பையோட சுவரே தசைதான். அந்தத் தசையில ஒரே ஒரு செல் கட்டுப்பாட்டை விட்டுட்டுப் பெருகிப் பெருகி உருண்டையா திரண்டா அதுதான் இந்தக் கட்டி. புத்தகத்துல நார்த்திசுக் கட்டின்னு எழுதுவாங்க, ஆஸ்பத்திரியில ஃபைப்ராய்டு. புற்றுநோய் கிடையாது. 2011-ல ஃபின்லாந்துக்காரங்க இந்தக் கட்டிகளோட மரபணுவை ஆராய்ஞ்சப்ப, ஏறக்குறைய பத்துல ஏழு கட்டியில மெட்12-ங்கிற ஒரே மரபணுவுல பிழை இருந்திருக்கு. ஒரு வரியில ஒரு எழுத்து மாறி மொத்த புரோகிராமும் கிறுக்குத்தனம் பண்றது எனக்கு நல்லாப் பழகின விஷயம்ங்கிறதால, இதைப் படிச்சப்ப கட்டி மேல கொஞ்சம் பாசமே வந்துச்சு.

எங்க ஊரு முத்துநகர் இல்லையா, அதனால ஒரு மதினி "சிப்பிக்குள்ள முத்து மாதிரின்னு நெனச்சுக்கோ"ன்னு ஆறுதல் சொன்னாங்க. உவமை சரியில்ல மதினி. முத்து, வெளியில இருந்து உள்ள போன ஏதோ ஒண்ணைச் சுத்தி உருவாகுறது. இது நம்ம சொந்தத் தசை. அதுவும் போக, எங்க கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. கட்டி என்னடான்னா தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கு.

கர்ப்பிணிகள்ல எத்தனை பேருக்கு இருக்கும்? ஆய்வுக்கு ஆய்வு மாறுது, நூத்துல ரெண்டுல இருந்து பத்து வரைக்கும் சொல்றாங்க. நிறைய பேருக்கு ஸ்கேன்ல தெரியறதோட சரி, கடைசி வரைக்கும் ஒண்ணுமே பண்ணாது. கர்ப்பகால ஹார்மோன் இதுக்கும் தீனிதான், அதனால எல்லாக் கட்டியும் கிடுகிடுன்னு வளரும்னு ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி இல்லையாம். பாதிக்கு மேல சைஸ் பெருசா மாறுறதில்ல. வளர்றதும் பெரும்பாலும் முதல் மூணு மாசத்துலதான் வளருது.

டாக்டரம்மா அழகா ஒரு காரியம் பண்ணாங்க. ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு, பின்னாடி வெள்ளைப் பக்கத்துல தலைகீழ் பேரிக்காய் ஒண்ணு வரைஞ்சாங்க. "சைஸை விடும்மா. எங்க இருக்குன்னு கேளு." சுவருக்கு வெளிப்பக்கம் தொங்குனா குழந்தைக்கு அதோட பேச்சுவார்த்தையே கிடையாது. உள்ளறைக்குள்ள துருத்திட்டு இருந்தா கரு தங்குறதுலயே சிக்கல் வரலாம். சுவருக்குள்ளயே புதைஞ்சிருந்தா நடுத்தரம். என்னோடது இந்த மூணாவது ரகம், இடது பக்கச் சுவர்ல. அடுத்த கேள்வி, நஞ்சுக்கொடி எங்க ஒட்டப் போகுது? கட்டி மேலயே ஒட்டுனா அது பிரசவத்துக்கு முன்னாடியே பிரிஞ்சு வர்ற ஆபத்து கூடும். அப்புறம் கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்துல இருக்கான்னு ஒரு கேள்வி. இருந்தா குழந்தை வர்ற வழி அடைபடும். ஒரு 3 செ.மீ. கட்டி தப்பான இடத்துல உக்காந்துட்டு, 8 செ.மீ. கட்டி நல்ல இடத்துல உக்காந்திருந்தா, பயப்பட வேண்டியது சின்னதுக்குத்தான். இதை யாரும் அதுவரைக்கும் எனக்குச் சொல்லல. எல்லாரும் சென்டிமீட்டரையே கேட்டுட்டு இருந்தாங்க.

ரங்கமணி விடுவாரா? 2008-ல வந்த ஒரு மருத்துவக் கட்டுரையைப் பிடிச்சுட்டு வந்தார். அதுக்கு முந்தின ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்த கட்டுரை. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியறது, கட்டி இல்லாதவங்கள்ல நூத்துக்கு 0.9, இருக்கிறவங்கள்ல 3. "மூணு மடங்கு!"ன்னு அலறல். நூத்துல மூணுன்னா மிச்சம் 97 பேருக்கு அது நடக்கலன்னுதானே அர்த்தம்னு கேட்டேன். அந்த மூணுலயும் பெரும்பாலும் நஞ்சுக்கொடிக்கு அடியில கட்டி இருக்கிறவங்கதான் வருவாங்க. குழந்தை வளர்ச்சி குறையறது 8.6-க்குப் பதிலா 11.2. தலை கீழ்ப்பக்கம் திரும்பாம இருக்கிறது 4.5-க்குப் பதிலா 13. இந்தக் கடைசி நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

கட்டி அமுக்கி குழந்தைக்குக் கை கால் வளைஞ்சிடுமான்னு அம்மா தினமும் கேட்டாங்க. ரொம்பப் பெரிய கட்டி உள்ளறைக்குள்ள இருந்து அப்படி ஆன கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல இருக்கு. ஆனா தனித்தனி கேஸா எழுதுற அளவுக்கு அது அபூர்வம்.

2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல்ல சென்னை முங்குனது ஞாபகம் இருக்கும். எங்க அபார்ட்மென்ட்ல மூணு நாள் கரண்டு இல்ல. அம்மா பதறிட்டாங்க. "வேலையை இங்க இருந்து பாரு, மொதல்ல கெளம்பி வா." முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல கீழ் பெர்த் வாங்கி, மழைக்குப் பயந்து தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தேன். (சிரிக்காதீங்க, அடுத்து என்ன வரப்போகுதுன்னு உங்களுக்குத் தெரியும்.)

இருபதாவது வாரம் உறுப்பு உறுப்பா பார்க்கிற அந்த முக்கியமான ஸ்கேன் ஊர்லயே எடுத்தோம். குழந்தைக்கு இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் எல்லாம் சரி. கட்டி 6.8. நஞ்சுக்கொடி எதிர்ப்பக்கச் சுவர்ல, கட்டியில இருந்து எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. அப்பாடா!

கூட வந்த எங்க அப்பா அனல் மின் நிலையத்துல பாய்லர் பக்கம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். டாக்டர் வயித்துல ஜெல்லைத் தடவி அந்தக் கருவியை வச்சதும், "இது நம்ம யூ.டி. தானே. வெல்டுக்கு கிரீஸ் தடவிப் பார்ப்போமே"ன்னுட்டார். எனக்கு மானம் போச்சு. ஆனா வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தா அப்பா சொன்னது அப்படியே உண்மை.

கதை இதுதான். ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துல இயன் டொனால்டுன்னு ஒரு மகப்பேறு பேராசிரியர். 1955 ஜூலையில, ஆபரேஷன்ல எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் சூலக நீர்க்கட்டிகளையும் ரெண்டு கார் டிக்கியில ஏத்திக்கிட்டு ரென்ஃப்ரூவுல இருந்த ஒரு கம்பெனிக்குப் போறார். பாப்காக் அண்ட் வில்காக்ஸ். பாய்லர் கம்பெனி! வெல்டுல விரிசல் இருக்கான்னு ஒலி அலை விட்டுப் பார்க்கிற கருவி அங்க இருந்துச்சு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சி. நீர்க்கட்டிக்குள்ள ஒலி தடையில்லாம போய் எதிர்ச்சுவர்ல பட்டுத் திரும்புது, தசைக்கட்டிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா மங்கிப் போகுது. ரெண்டையும் பிரிச்சுச் சொல்லிடலாம்னு அன்னிக்கே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு.

அப்புறம் டாம் பிரவுன்னு ஒரு இளம் இன்ஜினியர், கெல்வின் அண்ட் ஹியூஸ் கம்பெனிக்காரர், விஷயத்தைக் கேள்விப்பட்டு டொனால்டுக்கு போன் பண்றார். நோயாளி மேல வச்சுப் படம் எடுக்கிற மெஷினைக் கட்டுனது அவர்தான். ஜான் மெக்விகர்ங்கிற டாக்டரும் சேர்ந்து, மூணு பேர் பேர்லயும் 1958 ஜூன்ல லான்செட் இதழ்ல கட்டுரை வந்துச்சு. அதுல ஒரு பெண்மணி. வயித்துல ஆபரேஷன் பண்ண முடியாத புற்றுநோய்னு கைவிட்ட கேஸ். இந்த மெஷின்ல பார்த்தா பெரிய நீர்க்கட்டி. எடுத்தாங்க, பொழைச்சுக்கிட்டாங்க.

ஆக, டொனால்டு தன்னோட மெஷினுக்கு முதல்ல காட்டுனது குழந்தையை இல்ல, கட்டியை. இன்னொரு சங்கதி, அந்த கெல்வின் அண்ட் ஹியூஸ் கப்பல்களுக்குக் கடல் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர் பண்ற கம்பெனி. எங்க ஊர் விசைப்படகுல மீன் கூட்டம் தேடுற பொட்டியும், என் வயித்துல வச்ச பொட்டியும் சொக்காரங்க. அப்பாகிட்ட சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னு ஒரு வாரம் திரிஞ்சார்.

அந்த ஸ்கேன் அன்னிக்கு ஊர் டாக்டரம்மா ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தாங்க. "கட்டி அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல இருக்கு. இனிமே எப்ப வேணாலும் அந்த இடத்துல பயங்கரமா வலிக்கலாம். கட்டிக்கு ரத்தம் பத்தாம நடுவுல செத்துப்போறதால வர்ற வலி. பாராசிட்டமால் போடு, தண்ணி குடி, படு. ரத்தம் பட்டாலோ, நீர் போனாலோ, வலி விட்டு விட்டு வயிறு பூரா இறுக்குனாலோ உடனே வா." இங்க சைஸுக்கும் ஒரு வேலை இருக்குங்கிறதை ஒத்துக்கணும். பெரிய கட்டியிலதான் இது அதிகம்.

டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை மழை பிடிச்சுது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுன மழை. தாமிரபரணி கரையை உடைச்சுக்கிட்டு வந்துச்சு. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பேரோட நின்னுபோச்சு. பிரையண்ட் நகர்ல எங்க வீட்டுக்குள்ள திங்கக்கிழமை காலையில முழங்கால் தண்ணி. மாடி வீட்டுக்காரங்க எங்க எல்லாரையும் மேல கூட்டிக்கிட்டாங்க. கரண்டு இல்ல, போன்ல டவர் இல்ல. அன்னிக்கு சாயங்காலம் வலி வந்துச்சு.

இடது பக்கம், ஒரே இடம், ஒத்த விரலால தொட்டுக் காட்டிடலாம். உள்ள யாரோ இடுக்கி வச்சுத் திருகுற மாதிரி. லேசா காய்ச்சல் வேற. அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க, கலைஞ்சுடுச்சுன்னே முடிவு பண்ணிட்டாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள அதே பயம்தான். ஆனா அந்தம்மா சொன்ன ஒவ்வொண்ணையும் சரிபார்க்க முடிஞ்சுது. ரத்தம் இல்ல. நீர் போகல. வயிறு பூரா இறுக்கல. மாடி வீட்டு மதினி ஓடிப்போய் வலி மாத்திரை கொண்டு வந்தாங்க. செல்போன் டார்ச்ல அட்டையைப் பார்த்தா பாராசிட்டமாலோட ஐபுப்ரோஃபென் கலந்தது. இருபது வாரத்துக்கு மேல அந்த வகை மாத்திரையை டாக்டர் சொல்லாம எடுக்கக் கூடாது. குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிச்சுப் பனிக்குட நீரைக் குறைச்சுடும்னு அமெரிக்க மருந்துத் துறை 2020-ல எச்சரிக்கையே விட்டிருக்கு. ஆஸ்பத்திரியில டாக்டர் கண்காணிப்புல சில நாளைக்கு அந்த வகை மருந்து குடுக்கிறது உண்டு, அது வேற. வெறும் பாராசிட்டமால் என் பையில இருந்துச்சு. போட்டேன்.

ராத்திரி பூரா தூங்கல. கீழ தெருவுல தண்ணி ஓடுற சத்தம். குழந்தை அசைவு அப்பத்தான் ஒரு வாரமா தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு, மீன் துள்ளுற மாதிரி. பதினொரு மணிக்கு ஒண்ணு. அப்புறம் ரெண்டே கால் வரைக்கும் ஒண்ணுமில்ல. அந்த மூணு மணி நேரத்தைப் பத்தி எழுத வரல. ஆச்சி பக்கத்துல உக்காந்து காலை அமுக்கிக்கிட்டே இருந்தா, ஒரு வார்த்தை பேசல. ரெண்டே காலுக்கு ஒரு உதை. அப்புறம் இன்னொண்ணு.

புதன்கிழமைதான் வெளிய வர முடிஞ்சுது. மீனவங்க ஃபைபர் படகை லாரியில ஏத்திட்டு வந்து தெருத் தெருவா ஆளுங்களை எடுத்துட்டு இருந்தாங்க. நான் பொறந்து வளந்த தெருவுல, எங்க வீட்டு வாசல்ல படகுல ஏறுனேன். பேர் தெரியாத அந்த அண்ணன், "தங்கச்சி, ஆடாம உக்காரு, புள்ளத்தாச்சிய முங்கடிச்சேன்னு எனக்குப் பேராயிரப் போவுது"ன்னார். அதே வெள்ளத்துல விமானப்படை ஹெலிகாப்டர்ல மீட்டவங்கள்ல ஒரு கர்ப்பிணியும் உண்டுன்னு பின்னாடி செய்தியில பார்த்தேன். ஸ்கேன்ல இதயத்துடிப்பு 148. நீர் சரியா இருக்கு. கட்டியோட நடுப்பகுதி மட்டும் கருத்துப் போயிருந்துச்சு. டாக்டரம்மா எதிர்பார்த்த அதே சமாச்சாரம். ஒரு வாரத்துல வலி அடங்கிடுச்சு.

அதுக்கப்புறம் பெருசா கதை இல்ல. பிப்ரவரியில சீமந்தம், வந்தவங்க எல்லாம் "ரெட்டைப் புள்ளையா?"ன்னு கேட்டாங்க. டேப் வச்சு அளந்தா முப்பது வாரத்துக்கு முப்பத்துநாலு வாரம் காட்டுச்சு. கட்டி இருந்தா டேப் கணக்கு பொய் சொல்லும். குழந்தை நிஜமா வளருதான்னு தெரிய ஸ்கேன்தான் வழி. 28, 32, 36 வாரங்கள்ல பார்த்தாங்க, வளர்ச்சி சரி. ஆனா 36-ல தலை மேலயேதான் இருந்துச்சு, குட்டி சப்பணம் போட்டு உக்காந்திருந்தா. நூத்துக்குப் பதிமூணு!

ஆபரேஷன்னு முடிவாச்சு. எல்லாரும் குழந்தையைப் பத்தியே கேட்டுட்டு இருக்க, டாக்டரம்மா மட்டும் என் ரத்தத்தைப் பத்தியே பேசுனாங்க. குழந்தை வெளிய வந்ததும் கர்ப்பப்பை முஷ்டி மாதிரி இறுகணும், அந்த இறுக்கத்துலதான் நஞ்சுக்கொடி பிரிஞ்ச இடத்து ரத்தக்குழாய் எல்லாம் அடைபடும். சுவர்ல ஒரு கெட்டி உருண்டை இருந்தா முஷ்டி முழுசா மூடாது, கைக்குள்ள கல்லை வச்சுட்டு விரலை மடக்குற மாதிரி. பிரசவத்துல அம்மாக்கள் சாகுறதுக்கு முக்கியக் காரணம் இந்த ரத்தப்போக்குதான். தமிழ்நாட்டுல 2018-20 கணக்குப்படி லட்சம் பிரசவத்துக்கு 54 அம்மாக்கள், இந்தியா முழுக்க 97. நம்ம நம்பர் நல்ல நம்பர்தான், ஆனா அந்த 54-ல ஒண்ணா இருக்க யாருக்கும் ஆசை இருக்காதே. எனக்கு ஹீமோகுளோபின் 28-ஆவது வாரத்துல 9.8. இரும்புச்சத்தை டிரிப்ஸ்ல ஏத்தி 11.2-க்குக் கொண்டு வந்தாங்க. ரெண்டு யூனிட் ரத்தம் முன்கூட்டியே எடுத்து வச்சாங்க. ஊசிக்கும் நிக்கலைன்னா உள்ள பலூன் வச்சு அழுத்துவோம்னு விளக்குனாங்க. விலை கூடுன பலூனுக்குப் பதிலா ஆணுறையையும் ரப்பர் குழாயையும் வச்சே அதைச் செய்யலாம்னு காட்டுனது பங்களாதேஷ் டாக்டர் சயீபா அக்தர். எனக்கு அந்த மாதிரி ஆளுங்களைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

2024 ஏப்ரல் 19 ஓட்டுப் போட்டேன். 22 ஆபரேஷன். மை வச்ச விரல்லயே ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டுனாங்க. குட்டி 2.75 கிலோ, வந்தவுடனே அழுதா. ரத்தம் வழக்கத்தைவிடக் கூடத்தான் போச்சு. எடுத்து வச்சதுல ஒரு யூனிட் ஏத்துனாங்க, பலூன் தேவைப்படல. "வயித்தைத் திறந்தாச்சே, அந்தக் கட்டியையும் சேர்த்து எடுத்திருக்கலாமே"ன்னு அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் குறை. அந்த நேரத்துல கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் உச்சத்துல இருக்கும், கையை வச்சா நிக்காம போகலாம். சில இடங்கள்ல தேர்ந்தெடுத்த கேஸ்கள்ல செய்யறாங்க, என்னோடது அப்படித் தொட வேண்டிய அவசியமில்லாத கட்டி. குட்டி உக்காந்த நிலையில இருந்ததால இடுப்பு மூட்டு சரியா உக்காந்திருக்கான்னு ஆறாவது வாரத்துல அவளுக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. எடுத்தோம், நார்மல். ஆகஸ்ட்ல எனக்குப் பார்த்தப்ப கட்டி 4.1-க்குச் சுருங்கியிருந்துச்சு.

அதே ஆகஸ்ட், பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு சித்தி வந்திருந்தாங்க. குட்டியை மடியில போட்டுக்கிட்டு, டாக்டரம்மா படம் வரைஞ்ச அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க. அவங்க ஆபரேஷன் ஃபைலை இன்னும் பத்திரமா வச்சிருக்காங்களாம். அடுத்த தடவை வர்றப்ப கொண்டு வந்து குடுத்தாங்க. "இதுல எனக்கு எங்கன இருந்துச்சுன்னு போட்டிருக்கான்னு பாருட்டி"ன்னு. நாலு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். ஆறு சென்டிமீட்டர்னு மட்டும் எழுதியிருந்துச்சு.